டப்பாவுக்கு வரி போடும் ஊரிலிருந்து

டூபிங்கன், ஜெர்மனி
ஜூன் 2025

அன்புள்ள மாப்ளே,

மதியம் உன் கடையிலிருந்து எத்தனை பார்சல் போகும்? பரீட்சை சமயத்தில் இருநூறைத் தாண்டும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த இருநூறை மனசில் வைத்துக்கொண்டு இதைப் படி. இந்த ஊரில் நீ கடை போட்டிருந்தால், பார்சலுக்கு 50 சென்ட் வீதம் நாளொன்றுக்கு நூறு யூரோ நகராட்சிக்கு எடுத்து வைக்க வேண்டும். நம் காசில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம். சாம்பாருக்குத் தனி, ரசத்துக்குத் தனி, பொரியலுக்குத் தனி என்று எண்ண ஆரம்பித்தால் கடையை மூடிவிட்டுச் சீர்காழிக்கே போய்ச் சேர்ந்துவிடுவாய்.

விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். ஊர் எப்படி என்று முதலில் தங்கச்சி கேட்கும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

நெக்கார் என்று ஓர் ஆறு. இங்கே படிக்கிற என் பாப்பா ஸ்டேட்டஸில் போட்ட படத்தில் வரிசையாக வண்ண வண்ண வீடுகள் இருந்தனவே, அந்த இடம்தான். வீடுகளுக்குக் கீழே கரையோரச் சுவர் மேல் பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் போக மாட்டேன் என்கிறது. பிள்ளைகளும் எழுந்து போவதில்லை. 90,000 பேர் இருக்கிற ஊரில் ஏறக்குறைய 28,000 பேர் மாணவர்கள். ஊருக்குச் சோறு போடுவது முக்கியமாகப் பல்கலைக்கழகமும் அதன் ஆஸ்பத்திரியும்தான். பல்கலைக்கழகம் ஆரம்பித்தது 1477இல். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் 1929இல். அதற்காக நாம் தலைகுனிய வேண்டியதில்லை. பிப்ரவரி நடுவில் வகுப்பு முடிந்தால் ஏப்ரல் நடுவரைக்கும் இங்கேயும் மாணவர்களை நம்பிய கடைகளுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். ஆகஸ்ட், செப்டம்பரிலும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம், காய்கறிக் கடையிலிருந்து துணிக்கடை வரைக்கும் பூட்டு. சனிக்கிழமை சாயங்காலம் பால் வாங்க மறந்தவன் திங்கட்கிழமைதான் காபி குடிப்பான்.

பழைய ஊர்தான், ஆனால் பழமையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஊராகத் தெரியவில்லை. ஜெர்மன் கவிஞர் கதே 1797இல் இங்கே ஒரு பதிப்பாளர் வீட்டில் தங்கினாராம், சுவரில் பலகை வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் இன்னொரு பலகை: ‘இங்கே கதே வாந்தியெடுத்தார்.’ ஏதோ மாணவர் குறும்பு. அதை யாரும் கழற்றவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு பலகை மாட்டினால் மறுநாள் சாலை மறியல்தான்.

1596இல் தொடங்கிய புத்தகக் கடை ஒன்று இன்னும் வியாபாரம் செய்கிறது. பெயர் ஓசியாண்டர். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இன்னொரு கடை. 1895இலிருந்து 1899 வரை அங்கே புத்தகம் தூசி தட்டி, பார்சல் கட்டி, பில் எழுதிக்கொண்டிருந்த பையன்தான் ஹெர்மன் ஹெஸ்ஸே. ஹாஸ்டலில் அட்டை கிழிந்த ‘சித்தார்த்தா’வை முறை வைத்துப் படித்தோமே, அவர். அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா குண்டர்ட் இந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். 1836இல் மதராஸுக்குக் கப்பலேறி வந்து, தமிழ் படித்து, திருநெல்வேலிப் பக்கம் கொஞ்ச காலம் இருந்து, அப்புறம் தலசேரிக்குப் போய் மலையாள அகராதியே எழுதிவிட்டார். அவர் வந்து நம் பாஷை படித்தார், பாப்பா இங்கே வந்து ஜெர்மன் படிக்கிறாள். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்.

கணக்கு என்றதும் வயிறு எரிகிறது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் இந்த மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், 2017 முதல். அதுபோக, விசாவுக்காக முன்கூட்டியே வங்கியில் போட்டு முடக்கிவைத்த 11,904 யூரோ. அதற்கு நான் அலைந்த அலைச்சலை உனக்கு எழுத வேண்டியதில்லை, ஜாமீன் கையெழுத்துப் போட்டவனே நீதானே. அதிலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வரும். வாடகை அதில் கிட்டத்தட்டப் பாதியை விழுங்கிவிடுகிறது. மிச்சத்தில்தான் அவள் சாப்பாடு, சோப்பு, செருப்பு, சினிமா எல்லாம். இது தெரிந்துகொண்டு மேலே படித்தால்தான் என் கோபம் உனக்குப் புரியும்.

ஒரு மதியம் பாப்பா லேபுக்குப் போய்விட்டாள். நான் தனியாகச் சுற்றிக்கொண்டு, பிள்ளைகள் வரிசையில் நிற்கிற ஒரு சின்ன நூடுல்ஸ் கடையில் நின்றேன். வியட்நாம்காரர் கடை. முன்னால் வாணலி, பின்னால் அவர், நடுவே நெருப்பு. முட்டையை உடைக்கிற வேகம் பார்க்க வேண்டும். பார்சல் கேட்டேன். சாப்பாட்டு விலைக்குக் கீழே 50 சென்ட் என்று தனியாக ஒரு வரி அடித்தார். முள்கரண்டி வேண்டுமா என்று கேட்டார், அது இன்னொரு 20 சென்ட். ஆக எழுபது சென்ட், நம் கணக்கில் எழுபது ரூபாய், திங்கிற பொருளுக்கு இல்லை, திங்கிறதைப் போட்டுக் கொடுக்கிற அட்டைப் பெட்டிக்கும் மரக்குச்சிக்கும்! எதற்கு என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்லி அலுத்தவர் போல, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கரண்டியால் காட்டினார். நகராட்சி வரி.

முள்கரண்டி வேண்டாம் என்றேன். ஆண்டவன்தான் கைக்கு அஞ்சு கொடுத்திருக்கிறானே.

எனக்குப் பின்னால் நின்ற பெண் தோள்பையிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் அதைக் கையால் தொடவில்லை. ஒரு தட்டை நீட்டினார், அவள் டப்பாவை அதில் வைத்தாள், தட்டோடு உள்ளே இழுத்து, நூடுல்ஸை நிரப்பி, தட்டோடு வெளியே தள்ளினார். வெளியிலிருந்து வருகிற பாத்திரம் கடை மேடையில் படக்கூடாது, அதற்காக. வரி கிடையாது. அவளுக்கும் பின்னால் நின்ற பையன் உள்ளேயே பீங்கான் தட்டில் வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கும் கிடையாது. வரிசையில் ஏமாந்த சோணகிரி நான் ஒருத்தன்தான். தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஐம்பது சென்ட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நூடுல்ஸைக் கையால் அள்ளித் தின்றேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

சாயங்காலம் பாப்பாவிடம் குமுறினேன். அவள் சிரித்துவிட்டு முழுக் கதையையும் சொன்னாள். 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்த வரி. எடுத்துப்போய்ச் சாப்பிடுகிற சாப்பாடு, காபி இதற்கெல்லாம் தூக்கியெறிகிற டப்பாவோ கோப்பையோ கொடுத்தால் ஒன்றுக்கு 50 சென்ட், கரண்டிக்கு 20. பிளாஸ்டிக்கா, காகிதமா, கரும்புச் சக்கையா என்ற பேதம் இல்லை. வாழையிலையைப் பற்றி அவர்கள் யோசித்திருக்க வழியில்லை. சட்டப்படி வரி கட்ட வேண்டியவர் கடைக்காரர். அவர் நம் தலையில் கட்டுகிறார். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்வாய்.

ஊரில் மெக்டொனால்ட்ஸ் கிளை நடத்துகிறவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். மன்ஹைமில் 2022இல் நகராட்சி தோற்றது. அங்கே எழுந்த கேள்வியைக் கேள்: உள்ளூரில் தின்று தீர்க்கிற பொருளுக்குத்தான் நகராட்சி வரி போடலாம், பார்சல் வாங்குகிறவன் அதை ஊர் எல்லைக்குள்தான் தின்கிறான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நகராட்சி விடாமல் லைப்சிக்கில் இருக்கிற மேல் கோர்ட்டுக்குப் போனது. 2023இல் அங்கே பெருமளவு ஜெயித்தது. சூடான சாப்பாடு சீக்கிரம் ஆறிப்போகும், ருசி மாறிவிடும், ஆகவே வாங்கினவன் பக்கத்திலேயே தின்றுவிடுவான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆறின பரோட்டாவை எவன் தின்பான் என்று நீ கல்லாவில் உட்கார்ந்து சொல்கிற அதே நியாயம், அங்கே தீர்ப்பாக வந்திருக்கிறது. கடைசியில் அரசியல் சாசன நீதிமன்றமும் வரி செல்லும் என்று சொல்லி, அந்தத் தீர்ப்பு 2025 ஜனவரியில் வெளிவந்தது. கான்ஸ்டான்ஸ் என்று இன்னொரு காலேஜ் ஊர், அதற்குக்கூடக் காத்திராமல் அந்த வருஷப் பிறப்பன்றே இதே வரியைப் போட்டுவிட்டது. ஐம்பது சென்ட்டுக்கு இத்தனை கோர்ட்! வக்கீல் ஃபீஸில் ஊர் முழுக்க எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இதனால் குப்பை குறைந்ததா என்று கேட்பாய். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஓர் ஆய்வு செய்து பார்த்தார்கள். தெருத்தொட்டிக் குப்பையின் எடையில் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. காகிதக் கோப்பைக்கு என்ன எடை இருக்கப் போகிறது, எடையை வைத்து எப்படிச் சொல்வது என்று ஒரு கட்சி. பார்த்தாயா, வெறும் வசூல்தான் என்று ஒரு கட்சி. நான் முதல் நாள் இரண்டாவது கட்சி. இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

காரணம் பாப்பா. நம் ஊரில் காலேஜுக்கு டிபன் பாக்ஸ் எடுத்துப் போ என்றதற்கு, ‘நான் என்ன எல்கேஜியா’ என்று சண்டை போட்டுவிட்டு உன் கடைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். இங்கே முதுகுப்பையில் கிளிப் போட்ட எவர்சில்வர் டப்பா இல்லாமல் படியிறங்குவதில்லை. பூமியைக் காப்பாற்றவா என்று கேட்டேன். ‘வாரத்துக்கு மூணு நாள் வெளியே சாப்பிட்டா மாசத்துக்கு எட்டு யூரோ மிச்சம்ப்பா’ என்றாள். பல்கலைக்கழக மெஸ்ஸில் அவளுக்கு ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்குக் காணும். 992 யூரோவில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது பெரிய காசு. ஐம்பது சென்ட்டைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டுப் போகிற புரொபசருக்கு இந்த வரி ஒன்றும் செய்யாது. செய்வதெல்லாம் பிள்ளைகளிடம்தான், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் 2019 ஜனவரியில் நம் ஊரில் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது நடந்ததை நினைத்துப் பார். ஒரு மாதம் தூக்குவாளியோடு வந்தார்கள். அப்புறம் ரெய்டு வருகிற அன்றைக்கு மட்டும் கேரி பேக் மேடைக்கு அடியில் போகும், மற்ற நாள் மேலே இருக்கும். உன்னைச் சொல்லவில்லை, தெருவையே சொல்கிறேன். இங்கே டப்பாவை ஒருத்தரும் ஒளித்து வைக்கவில்லை. வேண்டுமா, காசைக் கொடு, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் அவளோடு அதே கடைக்குப் போனேன். இவளுடைய டப்பா அட்டைப் பெட்டியைவிடப் பெரிசு. அந்த ஆள் அளவெல்லாம் பார்க்கவில்லை, விளிம்பு வரைக்கும் அள்ளிப் போட்டார். வியாபாரியின் நண்பன் ஆயிற்றே, பொறுக்குமா? ‘நஷ்டம் இல்லையா?’ என்று இங்கிலீஷில் கேட்டேன். ‘டப்பா கொண்டுவருகிறவன் தினமும் வருவான், பெட்டி கேட்பவன் ஊர் பார்க்க வந்தவன், நாளைக்கு வர மாட்டான்’ என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று பாப்பா இன்னும் சிரிக்கிறாள்.

பாட்டில் விஷயத்தில் இவர்கள் கெட்டிக்காரர்கள். பிளாஸ்டிக் பாட்டில், கேன் வாங்கினால் 25 சென்ட் கூடப் பிடித்துக்கொள்கிறார்கள், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். காலியைச் சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் காசு திரும்பும். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்களே, அதே ஏற்பாடு. ஆற்றங்கரையில் பிள்ளைகள் குடித்து முடித்த பாட்டிலைத் தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். இருட்டின பிறகு வயசானவர்கள் சைக்கிளில் வந்து பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு பணக்கார நாட்டில் எழுபது வயசுக்காரர் பாட்டில் பொறுக்குவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. பாப்பாவுக்கு அது பழகிவிட்டது. அவளுக்கு அது பழகினதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

இனி காரியம். பாப்பாவோடு குடியிருக்கிற பெண்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் அவளுடைய டப்பா மேல் கண். இங்கே கடையில் அது மாதிரி ஒன்று 25 யூரோவுக்குக் குறைந்து இல்லை. கும்பகோணம் போகும்போது நீ வழக்கமாக வாங்குகிற பாத்திரக் கடையில் மூன்று டப்பா வாங்கிவை. ரெண்டு பக்கமும் கிளிப் இருக்க வேண்டும், மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்து வாங்கு. அளவு பெரிசாகவே இருக்கட்டும், காரணம் மேலே எழுதியிருக்கிறேன். ஆகஸ்டில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி சென்னையிலிருந்து கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பலாம். பில்லை மறக்காமல் வாங்கு, ஜி-பே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே