ஜீப்பு உயர்ந்தது, கால் உயரவில்லை

நம் அம்மாபேட்டையில் இப்போது எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் உயரமான கார்கள்தான். வாங்குகிறவருக்கு முப்பத்தைந்து வயது. பின் சீட்டில் ஏற வேண்டிய அவருடைய அம்மாவுக்கு எழுபது. வாங்கி ஒரு மாதம் கழித்து, பக்கவாட்டில் ஒரு ஃபுட்போர்டு மாட்ட முடியுமா என்று விசாரிக்கிறார்கள். வண்டியின் உயரமும் கால் வைக்கும் படியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். இதை நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த காலத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820-களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அன்றைக்குக் குதிரையும் மாடும் சுமந்தன. பிற்பாடு அந்த வேலையை ஜீப்பு எடுத்துக்கொண்டது. எங்கள் எஸ்டேட்டில் இருந்தது பழைய மகிந்திரா ஜீப்பு. அந்த மாடல்களில் தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி சுமார் எட்டு அங்குலம். தார் ரோட்டுக்கு அது தாராளம். ஆனால் ஐப்பசி மழையில் எஸ்டேட் பாதையில் இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகிவிடும். நடுவில் மண் மேடு நிற்கும். வண்டியின் வயிறு அதில் உரசும்.

முதலாளி வண்டியைச் சேலத்துக்கு அனுப்பினார். அந்த ஜீப்புகளில் கமான் பட்டைகள் அச்சுக்குக் கீழே இருக்கும். பட்டறையில் அதைக் கழற்றி அச்சுக்கு மேலே வைத்துக் கட்டினார்கள். வண்டி நான்கைந்து அங்குலம் உயர்ந்துவிட்டது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

டிரைவர் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "சேஸ் ஒசந்துச்சுங்க ரைட்டரே, டிஃபரன்ஷியல் அதே எடத்துலதான் தொங்குது." உண்மைதான். அது அச்சோடு சேர்ந்தது. பெரிய டயர் போட்டால்தான் அது உயரும், கமானை மாற்றினால் உயராது. அதோடு, உயர்ந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கம் சாயும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்மானம் கூடுவதால் கிராஸ் சீக்கிரம் தேயும். ஏற்காடு ரோட்டில் இருபது வளைவு. இதையெல்லாம் அவர் தினமும் கையில் உணர்ந்தார்.

கார்த்திகையில் பழம் எடுக்கும் வேலை தொடங்கியது. சேலை கட்டி, இடுப்பில் சாக்கைச் செருகிக்கொண்டு, ஈரக் காலோடு பெண்கள் ஏற வேண்டும். நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் தள்ளி ஏற்றினார்கள். வயதான அம்மா ஒருவர் என்னிடம், "ஐயா, வண்டிய ஒசத்திப்புட்டீங்க, எங்க காலு ஒசரலீங்களே" என்றார். முதலாளியிடம் சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார்.

சீசன் முடியும்வரை விஷயம் காத்திருக்கவில்லை. தை மாதம் ஒரு ராத்திரி, லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. காலெடுத்து அந்த வண்டியில் வைக்க அவளால் முடியவில்லை. கம்பளியில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். தலைக்குமேல் தூக்க வேண்டிய உயரம். மழைச் சேற்றில் ஒருவர் கால் வழுக்கி, கம்பளி ஒரு பக்கம் சரிந்தது. என் இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் காலையில் முதலாளியே, "படி போட்டுக் கொண்டுவாங்க" என்றார்.

பட்டறைக்காரர் செய்த வேலையை இப்போதும் மெச்சுவேன். படியை இறக்கிப் போட்டால் கல்லில் அடிபடும். ஏற்றிப் போட்டால் கால் எட்டாது. அவர் இரண்டு படி வைத்தார். மேல்படி கெட்டியாக வெல்டிங். கீழ்ப்படியைப் பழைய லாரி டயர்த் துண்டில் தொங்கவிட்டார். கல் இடித்தால் அது வளைந்து கொடுத்துத் திரும்ப வந்துவிடும். தகடுக்குப் பதில் இடைவெளி விட்டுக் கம்பிகள். செம்மண் சேறு தங்காமல் விழுந்துவிடும். கூடவே இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி. "புடிக்க ஒண்ணும் இல்லாத படி, படியே இல்லைங்க" என்றார். படியில் யாரும் நின்றுகொண்டு பயணம் செய்யக் கூடாது என்றும் சொன்னார். பின்னால் பாரம் தொங்கினால் முன் சக்கரம் லேசாகி, மேட்டில் ஸ்டியரிங் பிடி தளரும்.

கனடாவில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே மலைப்பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் பற்றிச் சொன்னான். ஆழப் பனியில் வயிறு இழுபடாமல் இருக்க அதையும் உயர்த்துகிறார்களாம். கால் வைக்கும் பலகையில் பெரிய ஓட்டைகள் போட்டுப் பனியைக் கீழே உதிரவிடுகிறார்களாம். எங்கள் பட்டறைக்காரருக்கு இது புதுச் சேதியாக இருந்திருக்காது.

இன்றைக்கு அப்படியெல்லாம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைக்கும் வண்டிக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எதைச் செய்வதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸிலும் இதே கதைதான். நகரப் பேருந்துகளின் தளம் மூன்று உயரங்களில் வருகிறது: 900 மி.மீ., 650 மி.மீ., 400 மி.மீ. கடைசி வகைதான் தாழ்தளப் பேருந்து. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னையில் அவை மறுபடியும் ஓடத் தொடங்கின. வீட்டுப் படி ஆறு ஏழு அங்குலம்தான் இருக்கும். அதற்கு ஏற ஒரு கையால் முழங்காலைப் பிடிக்கிற வயது நமக்கு. தாழ்தளத்தை யாரும் சலுகை என்று நினைக்க வேண்டாம்.

பிள்ளைகள் கார் பார்க்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். மைலேஜை அவர்கள் கேட்கட்டும். நீங்கள் மூன்று முறை ஏறி இறங்குங்கள். சீட்டு உங்கள் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, கதவோரம் பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா, மழையில் நனைந்த செருப்போடு கால் வழுக்காதா என்று பாருங்கள். சரிவரவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வாங்கிய பிறகு சொன்னால், "கொஞ்சம் பழகிக்கோங்கப்பா" என்பார்கள்.