அம்மாவைக் குளிப்பாட்ட ஆகும் நேரம்

இன்று கொஞ்சம் பொருளாதாரம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண், இந்த மாதம் முதல் 15,000 ரூபாய் வேண்டும் என்றார். சேர்ந்தபோது 9,000. "என்னம்மா, புது டிவியே பதினோராயிரம்தானே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். 1985-ல் கருப்பு வெள்ளை டிவி வாங்க எனக்கு மூன்று மாதச் சம்பளம் ஆனது. அந்த நினைப்பு. அவர் கோபப்படவில்லை. "பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டப் போனாலே இது கெடைக்குதுங்க சார்" என்றார்.

இரவெல்லாம் அதே யோசனை. என் சிறு வயதில் திருச்செங்கோட்டு வீட்டில் குழித்தறி இருந்தது. அப்பா ஒரு சேலை நெய்து இறக்க மூன்று நாள் ஆகும். இன்று விசைத்தறிப் பட்டறையில் ஒரே ஆள் நாலைந்து தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். நாமக்கல் கோழிப்பண்ணையில் ஒருவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான கோழிகள். அதனால் கூலி ஏறினாலும் சேலையும் முட்டையும் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனால் அம்மாவைக் குளிப்பாட்டித் தலை துவட்டிச் சோறூட்ட அன்றும் ஒன்றரை மணி நேரம், இன்றும் ஒன்றரை மணி நேரம். அவசரப்படுத்தினால் புரையேறிவிடும். கூலி மட்டும் தறிப் பட்டறைக்கு ஈடாக ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆள் அங்கே போய்விடும்.

வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-ல் இசை, நாடகக் கலைகளை வைத்து இதை விளக்கிப் புத்தகம் எழுதினார்கள். நம் கல்யாண மேளத்தையே பாருங்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் என்றால் நாலு பேர் வந்துதான் ஆக வேண்டும்.

விடியற்காலையில்தான் உறைத்தது, நானும் அந்த ரகம்தான் என்று. 1982-ல் 45 நிமிடத்தில் நடத்திய பின்னக் கணக்கை 2014-லும் 45 நிமிடத்தில்தான் நடத்தினேன். (கடைசி பெஞ்சுக்கு மறுநாளும் ஒருமுறை. யார் யார் என்று பெயர் சொல்ல மாட்டேன்.) ஊதியக் குழுக்கள் என் சம்பளத்தைக் கூட்டியபோது, இப்போது வேகமாகவா நடத்துகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே!

எனக்காவது பென்ஷன் வருகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், ஆள் வைக்க முடியாமல் மகள் வேலையை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் அந்தப் பெண்ணிடம் 15,000-க்குச் சரி சொல்லிவிட்டேன். தம்பி, இதைப் படித்தால் போன் செய். பாதி உன் பங்கு.