வடக்கு எந்தப் பக்கம், தம்பி?

கோவை ரேஸ் கோர்ஸில் இருந்த அந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நான் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் விசிட்டிங் கார்டில் இருந்த ஒரு வார்த்தையை மேடம் பேனாவால் அடித்துவிட்டார். ‘3டி ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டிருந்தேன். ஈரோட்டில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் நானே டிசைன் செய்து, நானே அடித்து, நானே வெட்டிய கார்டு.

“1972 சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு செஞ்சவங்கதான் அந்தப் பேரைப் போட்டுக்கணும் தம்பி. நீங்க விஷுவலைசர். அதுக்கு யார்கிட்டயும் லைசென்ஸ் வேண்டாம்” என்றார். திட்டுவார் என்று பயந்தவனுக்கு அந்தக் கடைசி வரி பெரிய ஆறுதல். நான் படித்தது பி.காம்.

கட்டடம் கட்டும் முன்பே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் போட்டோ போலக் காட்டுவதுதான் இந்த வேலை. நம் ஊரில் அதற்குப் பெயர் ‘எலிவேஷன்’. சரியாகச் சொன்னால் எலிவேஷன் என்பது ஆழம் காட்டாத தட்டையான வரைபடம். ஆனால் வீடு கட்டும் யாரிடமும் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் வந்த பொடிப் படத்தைக் கொண்டுவந்து, “இந்த எலிவேஷனைப் பத்துக்கு எட்டு அடிச்சுக் குடுங்” என்பார்கள். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். உடைந்த படங்களை ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தவன், ஒருநாள் நாமே முதலிலிருந்து செய்தால் என்ன என்று பிளெண்டர் என்ற 3டி மென்பொருளை இறக்கினேன். அது இலவசம். மூடிப் போகவிருந்த அந்த மென்பொருளை 2002இல் உலகெங்கும் உள்ள பயனர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிப் பொதுச் சொத்தாக்கினார்கள். அதனால்தான் என் மாதிரி ஆட்கள் இந்தப் பக்கம் வர முடிந்தது. யூடியூப் பார்த்து எல்லோரையும் போல நானும் முதலில் செய்தது டோனட். அதுவரை ஒரு டோனட் தின்றதுகூட இல்லை.

மூன்று வருட ராத்திரிகள். பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் ஒரு எலிவேஷன் 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தந்திருக்கிறேன். வேலை கேட்டு அனுப்பிய நாற்பது மெயிலில் மூன்றுக்குப் பதில் வந்தது. மூன்றும் கோவை. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று காலை ரயிலில் வந்து ஜங்ஷனில் இறங்கியிருந்தேன்.

மேடம் என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பதினான்கு படம். பத்துப் படங்களுக்கு விரல் நிற்கவில்லை. ஒரு வீட்டு முகப்பில் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த படம் அது. மாலை வெயில் தங்கமாகச் சுவரில் சாய்ந்து விழும்.

“வடக்கு எந்தப் பக்கம், தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. பிளானில் அம்புக்குறி இருந்திருக்கும். நான் அதை மதித்ததே இல்லை. வெளிச்சத்துக்கு நாங்கள் போடுவது ஹெச்டிஆர்ஐ என்கிற படம்: வானம் முழுவதையும் சுற்றி எடுத்து, சூரியனின் பிரகாசத்தையும் சேர்த்துப் பதிந்த போட்டோ. பாலி ஹேவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் போட்டு, அழகாக விழும்வரை சுற்றிவிடுவேன். சூரியனைச் சுற்றிவிடுகிறோம் என்ற உறுத்தல் ஒருநாளும் வந்ததில்லை.

அவர் பிளானை வாங்கிப் பார்த்தார். வடக்குப் பார்த்த வீடு. ஒரு காகிதத்தில் வில் மாதிரி இரண்டு கோடு போட்டார். கோவை, ஈரோடெல்லாம் சுமார் 11 டிகிரி வட அட்சம். ஜூன் மாதம் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போகும். அப்போது வடக்குச் சுவரில் நாள் முழுக்க வெயில் படும். டிசம்பரில் அந்தச் சுவர் வெயிலையே பார்க்காது. “சன்ஷேடு நிழல் எங்க விழுதுன்னு பாக்கத்தான் நான் படமே கேக்கிறேன். நீங்க போட்ட வெயில் எந்த மாசத்து வெயில்?”

அங்கே எனக்கு வேலை இல்லை. அவருக்கு வேண்டியது ஆட்டோகேடில் வொர்க்கிங் டிராயிங்கும் போடத் தெரிந்த ஆள். அந்தக் காகிதத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆர்.எஸ்.புரத்து ஸ்டுடியோவில் செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை. நடுப்பகலில் மானிட்டர் வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் நீலமாகத் தெரிந்தன. ஓரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ரெண்டர் மெஷின்கள் இரும்பு ரேக்கில் அடுக்கி இரைந்துகொண்டிருந்தன. நான் ஒரே லேப்டாப்பில் அடியில் இரண்டு புத்தகம் முட்டுக்கொடுத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு ஓட்டுவதை அங்கே ஒரு தனி அறை செய்கிறது. இங்கே ஒருவர் முழுப்படம் போடுவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் மாடல் செய்கிறார், ஒருவர் வெளிச்சம், ஒருவர் போட்டோஷாப். ஒரு திரையில் ஆஸ்திரேலிய வீடு ஒன்று. அதன்மேல் சிவப்பில் மேகம் மேகமாக வட்டம் போட்டுத் திருத்தங்கள் வந்திருந்தன. இந்தக் குழாய் மாடல் வேறு, இந்த மரம் எங்கள் ஊரில் வளராது. நாலாவது ரவுண்டு என்றார் அந்தப் பையன்.

அலெக்ஸ் ரோமன் என்ற ஸ்பெயின்காரர் 2009இல் ‘தி தேர்ட் அண்ட் தி செவன்த்’ என்று பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றை ஏறக்குறையத் தனியாளாகச் செய்து வெளியிட்டார். லூயிஸ் கானின் எக்ஸெட்டர் நூலகமெல்லாம் அதில் வரும். அத்தனையும் கம்ப்யூட்டரில் செய்தது என்று நம்பவே முடியாது. அதைப் பார்த்துத்தான் ஒற்றை ஆளாக உட்கார்ந்து படைப்பதுதான் இந்தத் தொழில் என்ற கற்பனையில் இருந்தேன். நாலாவது ரவுண்டு பையன் அதைக் கொஞ்சம் கலைத்தான்.

டெஸ்டுக்கு என்னோடு இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் பி.ஆர்க். சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை. டிடபிள்யூஜி ஃபைல் ஒன்றைக் கொடுத்து இரண்டு மணி நேரம் என்றார்கள். ஹாலும் மாடிப்படியும் தெரிய ஒரு கிளே ரெண்டர். அதாவது கலரோ மெட்டீரியலோ இல்லாமல் எல்லாம் வெள்ளைக் களிமண்ணில் செய்த மாதிரி இருக்கவேண்டும். மார்பிள், மரம், தங்க வெயில் என்று நான் ஒளிந்துகொள்ளும் இடங்களையெல்லாம் ஒரே அடியில் பிடுங்கிக்கொண்டார்கள்.

சுவர் ஒன்பது அங்குலம், லிண்டல் ஏழடி, சமாளித்துவிட்டேன். படியில் மாட்டினேன். தளத்துக்குத் தளம் பத்தடி, அதாவது 120 அங்குலம். பிளானில் நடுத்தளத்தையும் சேர்த்து 19 ட்ரெட், அதாவது கால் வைக்கும் படிகள். 120ஐ 19ஆல் வகுத்து, ஆறே கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் படி ஏற்றினேன். முடித்ததும் பின்னால் வந்து நின்ற சார் முதலில் பாராட்டத்தான் செய்தார்: கேமரா கண் உயரத்தில் இருக்கிறது, செங்குத்துக் கோடுகள் சாயவில்லை. பிறகு விரலால் படியைத் தொட்டு எண்ணினார். “மேல போய்ச் சேர்ற தரையும் ஒரு படிதானுங்க?”

ஏறும் உயரங்கள், அதாவது ரைசர், இருபது; ட்ரெட் பத்தொன்பது. ஆறு அங்குலம் கச்சிதமாக வந்திருக்கும். என்னுடைய கடைசிப் படி மாடித் தரையோடு மட்டமாகப் படுத்துக் கிடந்தது. தினமும் படி ஏறி இறங்குகிறவன்தான் நான்.

என் பழைய படங்களைப் பார்த்துவிட்டு, பெருந்துறை வீட்டு ஹாலில் நின்றார். “இதென்னங், ஈரோட்டுல நெருப்புக் காயறீங்களா?” யூடியூபில் பார்த்ததை அப்படியே செய்து பழகியதில் கணப்பு அடுப்பும் கூடவே வந்துவிட்டிருந்தது. சீலிங் ஃபேன் இல்லை. ஜன்னலுக்குக் கிரில் இல்லை. வெளிப்படத்தில் வாசலுக்கு முன் அகலமான ரோடு, அதில் ஒரு கார். அந்தத் தெரு பன்னிரண்டு அடி என்று எனக்குத் தெரியும், சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பில்டர்களுக்குப் படம் செய்யும் இடம் அது. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னார். விளம்பரத்தில் இருக்கும் பொய்யான தகவலை நம்பி ஒருவர் முன்பணம் கட்டி நஷ்டப்பட்டால் பில்டர் ஈடு தரவேண்டும். வீடே வேண்டாம் என்றால் பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும். “நாம வெக்கற மரத்தையும் ரோட்டையும் பாத்துத்தான் ஒருத்தர் லோன் போடறாரு.” இதை மட்டும் ‘ங்க’ போடாமல் சொன்னார்.

அவர்கள் ஓட்டுவது 3டிஎஸ் மேக்ஸும், அதில் ரெண்டர் செய்யும் கொரோனா என்ற மென்பொருளும். அந்தக் கொரோனா பிராகில் ஒரு மாணவர் 2009இல் தன் படிப்புக்காகத் தொடங்கியதுதான் என்று படித்திருந்தேன். சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன். பிளெண்டர்காரன் மேக்ஸுக்கு மாற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ஒரு மாதம் என்றேன். இரண்டு என்று எழுதிக்கொண்டார். படியைத் திருத்தி, நிஜ மெட்டீரியல் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். பிடித்திருந்தால் மூன்று மாதம் ட்ரெய்னி. அவர் சொன்ன சம்பளம் ஃப்ளெக்ஸ் கடையில் வாங்குவதைவிடக் குறைவு.

மூன்றாவது இடம் பீளமேட்டில் ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூம். பத்து நிமிடத்தில் முடிந்தது. கஸ்டமர் எதிரிலேயே கலரை மாற்றிக் காட்டவேண்டும், படம் அரை நிமிடத்தில் வந்துவிடும், நாளைக்கே சேரலாம். சம்பளம் ஸ்டுடியோவைப்போல ஒன்றரை மடங்கு. பழைய படங்களைத் திறக்கச் சொல்லவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். யோசிக்கத்தான் வேண்டும், அப்பாவுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் முடிந்திருக்கிறது.

திரும்பும் ரயில் திருப்பூரில் நின்றபோது போன் அதிர்ந்தது. சென்னிமலைப் பார்ட்டி. மூன்று தடவை கலர் மாற்றிக் கொடுத்தாயிற்று.

“தம்பி, வீட்டுக்கு முன்னாடி ஒரு காரு வெச்சுக் குடுங். இன்னோவா. வெள்ளை.”

எப்போதும்போல ‘சரிங்கண்ணா’ என்று அடித்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, “அண்ணா, ரோடு எத்தனை அடிங்?” என்று கேட்டேன். ஊத்துக்குளி தாண்டியும் பதில் வரவில்லை.