தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே பகடை



என் மகள் வயிற்றுப் பேரன் ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களோடு உட்கார்ந்து பகடை உருட்டுகிறான் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. "பிளஸ் ஒன் படிக்கிற பையன், அதுவும் டீச்சர் பேரன், சூதாட்டமா?" என்று இரண்டு பேர் போனிலேயே கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அதில் காசு கிடையாது. ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள்: போர்வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. "நான் கோட்டைச் சுவர் ஏறுகிறேன்" என்று ஒருவன் சொன்னால், ஏறினானா விழுந்தானா என்று தீர்க்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் பகடை. நம் தாயத்தில் காய்க்கென்று தனிச் சாமர்த்தியம் கிடையாது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அவனுக்கு எது எவ்வளவு தெரியும் என்று அதில் எண்ணாக எழுதியிருக்கும். என்னை இழுத்தது அந்தத் தாள்தான். முப்பத்து நான்கு வருஷம் மார்க் போட்ட கை இது.

பேரன் ஆடுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஒளிந்துகொள்வது, வரலாறு, மருத்துவம், பேசி இணங்க வைப்பது என்று மொத்தம் 18 திறன்கள். உருட்டுவது 20 முகப் பகடை. விழுந்த எண்ணோடு பிறவி வலிமைக்கு உரிய எண்ணையும், பயிற்சி இருந்தால் அதற்குரிய எண்ணையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை, வேலையின் கடினத்தைத் தொட்டால் வெற்றி. எளிது என்றால் 10, நடுத்தரம் 15, கடினம் 20.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சுவரின் கடினம் 15. ஒருவன் பலசாலி, அதற்கு 3. ஏறப் பழகியவன், அதற்கு 2. ஆகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். 20 முகங்களில் 11 முகம், அதாவது 55 சதவீதம். பலமும் சுமார், பழக்கமும் இல்லாத இன்னொருவனுக்கு 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 30 சதவீதம். பழகியவன் வழுக்கி விழுந்து, பழகாதவன் மேலே போய் நிற்பது அடிக்கடி நடக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குப் பரீட்சை ரிசல்ட் ஞாபகம்தான் வந்தது.

அந்த முதல் ஆட்டத்தில், 1974-ல், இப்படிப் பொதுவான திறன் பட்டியலே இல்லை. ராஜாவிடம் பேசி ஜெயிக்க வேண்டுமானால் ஆடுகிறவனே வாய்சாமர்த்தியம் காட்ட வேண்டும். அதுதான் சுவாரசியம், பட்டியல் வந்ததால் யோசிப்பது போய்விட்டது என்று சொல்கிற பழைய ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1975-ல் திருடன் என்ற பாத்திரம் வந்து, ஓசையில்லாமல் நடக்க இத்தனை சதவீதம், நிழலில் ஒளிய இத்தனை சதவீதம் என்று அவனுக்கு எழுதிவைத்ததும், அப்படியானால் மற்றவர்கள் ஒளியவே கூடாதா என்ற வழக்கும் கூடவே வந்ததாம். டைம்டேபிளில் ஓவியத்துக்கு ஒரு பீரியட் போட்டால் மற்ற பீரியடில் படம் வரைகிறவன் குற்றவாளி ஆவது போல.

ஆனால் நான் பட்டியலின் பக்கம்தான் நிற்பேன். பேரனின் குழுவில் ஒரு பையனுக்குத் திக்குவாய். அவன் எடுத்துக்கொண்ட பாத்திரம் அரசவைத் தூதன். என்ன பேசப்போகிறான் என்று நாலு சொல்லில் சொல்கிறான், பகடையை உருட்டுகிறான், தாளில் உள்ள எண்ணைக் கூட்டுகிறான். அந்த ஊரே அவன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறது. யாரும் அவனை "நீ பேசிக் காட்டு" என்று சொல்வதில்லை. என் வகுப்பிலும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் திக்கி, சிலேட்டில் எழுதச் சொன்னால் ஒன்றுவிடாமல் எழுதிய பிள்ளைகள் இருந்தார்கள். தெரிவது வேறு, தெரிந்ததைக் காட்டுவது வேறு. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இதைப் பாடமாகச் சொன்னார்கள். அந்தப் பையன்கள் யாரும் சொல்லாமலே அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

எனக்குப் பிடிக்காத இடமும் உண்டு. பாத்திரம் மேல் நிலைக்குப் போகப் போக, பயிற்சிக்கான அந்த 2 ஏறி ஏறி 17-ஆம் நிலையில் 6 ஆகிறது. பழகிய எல்லாத் திறனுக்கும் ஒரே சமயத்தில் ஏறுகிறது. பூதத்தோடு சண்டை போட்டே நிலை உயர்ந்தவனுக்குப் புத்தகத்தைத் தொடாமலே வரலாறும் கூடுதலாகத் தெரிந்துவிடுகிறது. ஆல் பாஸ் போட்ட மாதிரி.

1978-ல் வந்த ரூன்க்வெஸ்ட் என்ற ஆட்டம் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு திறனும் நூற்றுக்கு இத்தனை என்று இருக்கும், நம் மார்க் போலவே. ஒரு திறனைப் பயன்படுத்தி ஜெயித்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக். பிறகு டிக் விழுந்த திறனுக்கு மறுபடி பகடை. இப்போது நம் மார்க்கைவிட அதிகமாக விழுந்தால்தான் திறன் ஏறும். நுணுக்கங்களை விட்டுச் சொன்னால் விதி இவ்வளவுதான். 90 மார்க்காரனுக்கு ஏறுவது கஷ்டம், 20 மார்க்காரனுக்குச் சுலபம். ஆனால் 20 மார்க்காரனுக்கு அந்த முதல் டிக் கிடைப்பதே கஷ்டம்.

பேப்பர் எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு முயற்சி என்று வைத்தால், 20-ல் இருப்பவன் முன்னேற 16 சதவீத வாய்ப்பு, 50-ல் இருப்பவனுக்கு 25, 90-ல் இருப்பவனுக்கு 9. பாதி தெரிந்தவன்தான் வேகமாக வளர்கிறான். ஒன்றும் தெரியாதவன் தயங்கி நிற்கிறான், அவனுக்கு இன்னும் எதுவும் சரியாக வந்ததில்லை என்பதால். பின்னக் கணக்கு நடத்தும்போது கடைசி பெஞ்சுக்கு மட்டும் நான் ஏன் அரையும் அரையும் எவ்வளவு என்று கேட்டேன் என்பது உங்களில் சிலருக்கு இப்போது புரியலாம். அந்த டிக் விழட்டும் என்றுதான்.

2012-ல் வந்த டஞ்சன் வேர்ல்ட் நேர் எதிர். அதில் இரண்டு சாதாரணப் பகடை. கூட்டுத்தொகை 10 அல்லது மேல் என்றால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் நடக்கும் ஆனால் ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டும், 6 அல்லது கீழே போனால் வம்பு. வம்பில் மாட்டினால் அனுபவப் புள்ளி ஒன்று. தோற்றால்தான் பாடம்! இதை நான் முழுசாக ஒப்பவில்லை. ஏன் தப்பு வந்தது என்று உட்கார்ந்து பார்க்காதவன் நூறு முறை தோற்றாலும் அதே தப்பைத்தான் செய்வான். ஆனாலும் இந்த விதியால் ஒரு நன்மை. தனக்கு வராத வேலைக்கும் பிள்ளைகள் கையைத் தூக்குகிறார்கள். பேரன் ஆடும் ஆட்டத்தில், "நீ நல்லா ஏறுவ, நீயே ஏறு" என்று ஒருவன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விதி 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அவசரம் இல்லை, தப்பினாலும் ஆபத்து இல்லை என்றால் பகடையே உருட்ட வேண்டாம். 20 மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு, பகடையில் 20 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். முழு நேரமும் உட்கார்ந்தால் அவனால் முடிந்தது முடியும், அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை இல்லை. ஐந்தாம் பதிப்பில் கதை நடத்துபவருக்கான நூலிலும் இதே யோசனை உண்டு, அங்கே 10 மடங்கு நேரம்.

நாலு மணிக்கு பெல் அடித்த பிறகும் நீள வகுத்தலை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்த பிள்ளைகள், இதைப் படிக்கிறவர்களிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். யார் யார் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே கமெண்டில் சொல்லுங்கள்.