குவிமாடம் இழந்த மாளிகை

மனிதரின் வாழ்நாளுக்கு ஓர் எல்லை உண்டு. கட்டடங்களுக்கு அவ்வெல்லை இல்லை. நூறாண்டு நின்ற சுவர், பேணுவார் இருப்பின் மேலும் நூறாண்டு நிற்கும். பேணுவார் இல்லையேல் ஒரு திங்களில் மண்ணாகிவிடும். இவ்வுண்மையை நான் ஏட்டிலே கற்றேனல்லேன். என் ஊருக்கு நெடுந்தொலைவில், ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் நடுவே நின்று கற்றேன்.

திண்டுக்கல்லை அடுத்த நத்தம் என் ஊர். கரந்தமலையை அண்மையிற் கொண்டு, புளியும் மாவும் செழிக்கும் ஊர் அது. அங்கே எங்கள் முன்னோர் கட்டிய வீடு ஒன்று உண்டு. அதன் தெருத்திண்ணையில் என் பாட்டனார் மணலைப் பரப்பிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். என் தந்தையார் காலத்தில் பின்கட்டு புளிக்கிடங்காயிற்று. பின்னர் அதுவும் நின்றுபோக, வீடு பூட்டிக் கிடந்தது. நான் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற ஆண்டில் என் தம்பி, “ஒழுகுகின்ற வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அண்ணா? இடித்துவிட்டுக் கடைகள் கட்டினால் வாடகையாவது வரும்” என்றான். அவன் சொல்லில் எனக்குப் பிழை தோன்றவில்லை, இசைந்தேன். முதற்கண் பின்கட்டின் ஓடுகளைப் பிரித்துத் தேக்கு உத்திரங்களை விற்றோம். எஞ்சியதை மழைக்காலம் கழிந்தபின் இடிப்பது என்று உறுதி செய்தோம்.

அவ்விடைக்காலத்தில், கொல்கத்தாவிலே பணிபுரியும் என் தமக்கையின் மகன் என்னைத் தன் இல்லத்திற்கு அழைத்தான். ஒரு நாள் காலை நகரின் நடுவே உள்ள ‘லால் தீகி’ என்னும் பழங்குளத்தைக் காட்டினான். அக்குளத்தைச் சூழ்ந்த இடத்தை ஆங்கிலேயர் டல்ஹௌசி சதுக்கம் என்றனர். இன்று அது பினாய், பாதல், தினேஷ் என்னும் மூன்று விடுதலை வீரர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் தென்கிழக்கு மூலையில் மூன்று மாடி கொண்ட செங்கல் மாளிகை ஒன்று உள்ளது. ‘கரன்சிக் கட்டடம்’ என்பது அதன் பெயர்.

அம்மாளிகையின் வரலாறு வியப்பிற்குரியது. 1833ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடத்தில் ஆக்ரா வங்கியின் கிளை நடைபெற்றது. அக்காலத்தில் பணத்தாள்களை வங்கிகளே வெளியிட்டு வந்தன. 1861ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை அரசுக்கே உரியதாக்கிற்று. அதன்பின், 1868இல் இம்மாளிகையின் பெரும்பகுதி அரசின் செலாவணி அலுவலகமாயிற்று. மக்கள் தாளைக் கொடுத்துப் பொன், வெள்ளி, செப்பு நாணயங்களைப் பெற்றுச் செல்லும் இடம் அதன் நடுக்கூடமே. 1935இல் ரிசர்வ் வங்கி தோன்றியபோது அதன் மைய அலுவலகமும் முதலில் இங்கேதான் இயங்கியது. 1937இல் அவ்வலுவலகம் பம்பாய்க்குச் சென்றது.

பின்னர் இம்மாளிகை மத்தியப் பொதுப்பணித் துறையின் கைக்கு வந்தது. நாளடைவில் பொருள்களை அடுக்கும் கிடங்காயிற்று. நாடெங்கும் செல்லும் தாளுக்கு மதிப்பளித்த கூடம், பழம்பொருள்களுக்கு நிழலளிக்கும் கூடமாகச் சுருங்கியது. பணி குன்றிய இடத்தில் கடப்பாரை நுழைவது இயல்பு. 1996இல், உயர்ந்த புதுக்கட்டடம் ஒன்றை எழுப்பும் எண்ணத்துடன் இதனை இடிக்கத் தொடங்கினர். நடுக்கூடத்தின் மேலிருந்த பெருங்குவிமாடங்கள் வீழ்ந்தன. பழஞ்சின்னங்களைக் காக்கும் அமைப்பினரும் மாநகராட்சியும் தலையிட்டபின் இடிப்பு நின்றது. 2002இல் தொல்லியல் துறை இதனைப் பாதுகாக்கத்தக்க சின்னமாக ஏற்றது. சிதைந்தவற்றைச் செப்பனிட்டு, 2020 சனவரியில் அருங்காட்சியகமாகத் திறந்தனர்.

நாங்கள் அந்த நடுக்கூடத்தில் நின்றோம். நான் அண்ணாந்து நோக்கினேன். கூரை இல்லை, வானம் இருந்தது.

“மாமா, இவ்விடத்தில் மூன்று பெரிய குவிமாடங்கள் இருந்தனவாம்” என்றான் மருகன்.

“மீண்டும் எழுப்பவில்லையா?” என்றேன்.

“இல்லை மாமா. எஞ்சியதைக் காத்தார்கள். போனதைப் போனதாகவே விட்டுவிட்டார்கள்.”

அச்சொல் கேட்டதும் எங்கள் வீட்டுத் தேக்கு உத்திரங்கள் என் நினைவிற்கு வந்தன. அவை எவர் வீட்டை இப்போது தாங்குகின்றனவோ, அறியேன்.

நம் சென்னையிலும் இத்தகைய மாளிகை ஒன்றுண்டு. 1843இல் தோன்றிய சென்னை வங்கிக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடற்கரைச் சாலையில் எழுந்தது அது. அச்சாலை இன்று இராசாசி சாலை எனப்படுகிறது. 1921இல் அவ்வங்கி பிறவற்றோடு இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. வாயிற்பலகையில் பெயர்கள் மாறின. உள்ளே பணி மாறவில்லை. ஆதலின் அதன் மேற்கூரைக்கு அந்த இடர் நேரவில்லை. கொல்கத்தா மாளிகையிலோ பணி ஓய்ந்தது. ஓயவே, குவிமாடங்கள் வீழ்ந்தன. புதுப்பணி ஒன்று கிடைத்த பின்னரே எஞ்சிய பகுதி மீண்டும் உயிர் பெற்றது. பழைமை மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பதில்லை. அதற்கு ஒரு பணியும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் ஒருங்கே உணர்த்துகின்றன.

அன்றிரவே தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, “வீட்டை இடிக்க வேண்டா” என்றேன். அவன் சினந்தானல்லன், ஆனால், “இடிக்காமல் அதைக் கொண்டு என்ன செய்வது, அண்ணா?” என்று மட்டும் கேட்டான். நேர்மையான கேள்வி அது. அதற்கு விடை கூறாமல், ‘பழைமை, பெருமை’ என்று பேசுவது வெறும் சொல்லாகவே முடியும்.

நான் ஊர் திரும்பியதும் முன்கட்டின் ஓடுகளை மாற்றினேன். இப்போது நாள்தோறும் மாலையில் தெருப்பிள்ளைகள் அத்திண்ணையில் வந்து அமர்ந்து பாடம் படிக்கின்றனர். தம்பி எதிர்பார்த்த வாடகையில் அவன் பங்குக்கு ஒரு சிறு தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்து வருகிறேன். பின்கட்டிற்குக் கூரை இல்லை. மழை பெய்தால் அங்கே நீர் தேங்கும். வெயில் அடித்தால் பிள்ளைகள் ஓடி விளையாடுவர். ஒருநாள் ஒரு சிறுவன், “ஐயா, இங்கே ஏன் கூரை இல்லை?” என்று கேட்டான். “நான்தான் பிரித்தேன், தம்பி” என்று உண்மையைச் சொன்னேன்.

மாணவ மாணவியரே! உங்கள் ஊரிலும் ஒரு பழங்கட்டடம் பூட்டிக் கிடக்கலாம். ‘இதனால் என்ன பயன்?’ என்று எவரேனும் வினவினால் வெகுளாதீர்கள். அது கேட்கத்தக்க வினாவே. அதற்குத் தக்க விடையைத் தேடுங்கள். ஆனால் அவ்விடை கிடைக்கும் முன்னே கடப்பாரையைக் கையில் எடுத்துவிடாதீர்கள். விடை நாளையும் கிடைக்கும். விற்ற உத்திரம் திரும்பி வாராது.