எழுபது வளைவுகளில் தெரிந்த கோளாறு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்து சேர்ந்தால் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து கொல்லிமலைச் சாலை. சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. கீழே மரவள்ளிக் காடு. மேலே போகப் போக சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிய மிளகுக்கொடி, பலா, காபி. காற்றும் குளிர்ந்துவிடும்.

வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு இது அழகான சாலை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பரிசோதனைச் சாலை.

அடிவாரத்து மரவள்ளி விவசாயி ஒருவர், கறவை மாட்டை விற்ற பணத்தில் பழைய மாருதி ஆம்னி ஒன்றை வாங்கியிருந்தார். கார்புரேட்டர் வைத்த வண்டி. சமவெளியில் மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. மேடு ஏறினால் மட்டும் லேசாக உதறும். டவுன் பட்டறையில் காட்டியபோது, "ரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கணும், முப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். மீதமிருக்கும் ஒரு மாட்டையும் விற்றால்தான் அந்தப் பணம் வரும்.

செம்மேட்டில் இருக்கும் அக்கா வீட்டு விசேஷத்துக்கு நான்கு பேரும் இரண்டு மூட்டை அரிசியுமாகக் கிளம்பினார்கள். இருபதாவது வளைவுக்கு மேல் மிஸ்ஸிங் கூடியது. நாற்பதைத் தாண்டியபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. வண்டி முதல் கியரிலேயே முக்கியது. ஆம்னியில் மூன்று சிலிண்டர்தான். ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும்.

"ஏங்க, இதுக்குத்தான் மாட்டை வித்தீங்களா?" என்று மனைவி கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை.

எப்படியோ சோளக்காடு வந்து, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் நிறுத்தினார்கள். வயதான மெக்கானிக் முன் சீட்டைத் தூக்கினார். ஆம்னியின் இன்ஜின் அதற்கு அடியில்தான் இருக்கிறது.

"இறக்குறது கடைசி வேலை தம்பி. எந்த சிலிண்டர்னு முதல்ல பார்ப்போம்."

இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அந்தப் பிளக் இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். ஓடும்போது கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அணைத்துத்தான் தொட்டார். முதல் சிலிண்டரைக் கழற்றியபோது சத்தம் இன்னும் மோசமானது. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாத சிலிண்டர் அதுதான்.

அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, நெருப்புப் பொறிதான் வரவில்லை என்று அர்த்தம். எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் மேல் சந்தேகம் வரும். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளிறிய வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது சூடு அதிகம்.

அந்தப் பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாற்றினார். கோளாறு பிளக்கோடு போகவில்லை, இரண்டாவதிலேயே நின்றது. ஆகவே பிளக் நல்லது. அடுத்து கேஜ் வைத்து கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"ரிங்கும் நல்லா இருக்கு, வால்வும் நல்லா இருக்கு. யாரு இறக்கச் சொன்னாங்க?"

பொழுது சாய்ந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, தள்ளி நின்று ஒயர்கள் மேல் கைத்தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் அடித்தார். இரண்டாவது ஒயரிலிருந்து இன்ஜின் இரும்புக்கு நீலப்பொறி தாவியது. கிளிப் அழுத்திய இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது.

மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். அப்போது மின்சாரம் வெடிப்பு வழியாக வெளியே ஓடிவிடும். ஈரம் சேர்ந்தால் இன்னும் சுலபமாக ஓடும். சமவெளியில் மறைந்திருந்த கோளாறு மலையில் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

பெட்டியிலிருந்த ஒரு நல்ல ஒயரை மாட்டி, "கீழே போனதும் மூணையும் புதுசா மாத்திடுங்க" என்றார். மறுநாள் காலையில் அறுபதாவது வளைவு வரை இறங்கி, அதே மூட்டைகளோடு திரும்ப ஏறச் சொன்னார். வண்டி உதறாமல் ஏறியது.

இலை மஞ்சளானால் உடனே உர மூட்டையைப் பிரிக்காமல், முதலில் வேரையும் வடிகாலையும் பார்க்கிறோம். வண்டிக்கும் அதே வரிசைதான்: எந்த சிலிண்டர், பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிறகு பெட்ரோல், கம்ப்ரஷன். எல்லாம் பார்த்த பிறகுதான் இன்ஜினைத் திறக்கும் பேச்சு. இன்ஜெக்ஷன் வண்டியில் மட்டும் ஒயரைக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் உள்ள கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் ஆட்களை ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், கம்ப்ரஷன் அளவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அடிவாரத்து வீட்டில் அந்த இரண்டாவது மாடு இன்னும் கட்டுத்தறியில்தான் நிற்கிறது.