ஒரு வேர், பல கிளைகள்

பண்டார் தெங்காராவில் நானறிந்த குடும்பம் ஒன்றில் தாய்க்கு முடக்குவாதம். மூத்த மகளுக்குத் தைராய்டு அழற்சி. அதனைக் குலச்சாபமென்று கருதி, இளையவளைப் பெண் கேட்டு வந்தோர் திரும்பிச் சென்றனர். அறிவியல் உரைப்பதோ வேறு. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குவதால் எழும் நோய்கள் இவை. ஆறாம் குரோமோசோமிலுள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களின் சில வடிவங்கள் இத்தகைய நோய்கள் பலவற்றுக்கும் பொதுவாக இடமளிக்கின்றன.

எனினும் மரபே விதியன்று. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள்ளும் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாய் வாழ்வதுண்டு. நம் நாட்டு மலாய்க்காரர், சீனர், இந்தியரிடையே நடைபெற்ற மைஐரா ஆய்வு, அம்மரபுக் கூற்றோடு புகைப்பழக்கமும் சேரின் ஒருவகை முடக்குவாதத்தின் இடர் மிகுவதை 2012இல் எடுத்துரைத்தது.

ஆதலின் மாணவச் செல்வங்களே, குடும்ப நோயை மறைக்காது மருத்துவரிடம் கூறுங்கள். பிறந்த குடியைப் பழிப்பது அறியாமை. அதன் உடலியல்பை அறிந்து நடப்பதே அறிவுடைமை.